கிடாய் என்று மாமா சொன்ன மான்

எங்கள் வீட்டு பிரீசரில் இருந்த ஐஸ்கிரீம் பெட்டிகளுக்குள் ஐஸ்கிரீம் இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. வனிலா என்று படம் போட்ட பெட்டியைத் திறந்தால் தேங்காய்ப்பூ இருக்கும். ஸ்ட்ரோபெரிக்குள் முருங்கையிலை. சாக்லேட்டுக்குள் எப்போதோ மிஞ்சிய சாம்பார். லண்டன் மோர்டனில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் இதே நிலைமைதான் என்பதால், ஐஸ்கிரீம் பெட்டியைக் கண்டு வாயூறும் பழக்கம் எங்களில் ஒரு பிள்ளைக்கும் கிடையாது. ஆகவே கந்தசஷ்டியின் நடுவில் ஒருநாள் அம்மா ஒரு பெட்டியை எடுத்து, அரைத்த பீற்றூட் என்று நினைத்து, இளகட்டும் என்று குசினி மேசையில் வைத்ததில் அவருடைய பிழை எதுவும் இல்லை. அது மான் இரத்தம்.

அதைப் பிரீசரில் வைத்தவர் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. இளம் வயதில் ஜெர்மனிக்குப் போய், காட்டோரக் கிராமம் ஒன்றில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியவர். கடை முதலாளி வேட்டைக்காரர். வேட்டையில் குண்டு பட்டும் விழாமல், காயத்தோடு ஓடி எங்காவது பற்றைக்குள் கிடந்து வதைபடும் மான்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே அந்தப் பக்கத்தில் நாய் பழக்குவார்களாம். கழுத்தில் நீண்ட தோல்வார் கட்டி, நாய் முன்னே, ஆள் பின்னே, காய்ந்துபோன இரத்தத்தின் மணத்தைப் பிடித்துக்கொண்டு போவார்களாம். ஒருநாள் முதலாளிக்குத் துணையாகப் போன மாமாவுக்கு அதில் பைத்தியமே பிடித்துவிட்டது. ஜெர்மன் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் மற்றவர்களைப் போல அவரும் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். மற்றவர்கள் பெண்சாதி பிள்ளைகளோடு வந்தார்கள். இவர் நாயோடு வந்தார்.

அதன் பெயர் லொட்டே. கட்டைக் கால், நீள உடம்பு, கிழவர்களுக்கு இருப்பதுபோல் ஒரு தாடி. இதைப் பார்த்தால் மான் பிடிக்கும் நாய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டில் தங்கி, வார நாட்களில் மாமா பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் செய்வார். லீவு நாளில் ஊருக்கு வெளியே காட்டுக்குப் போய், போத்தலில் கொண்டுபோன இரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு நடப்பார். அடுத்த நாள் லொட்டேயைக் கூட்டிப்போய் அதைத் தேடச் சொல்வார். "நாய்க்கு வேலையுமில்லை, நிக்க நேரமுமில்லை" என்று அப்பா அடிக்கடி சொல்வார். அவர் சொல்வது லொட்டேயைப் பற்றியா மாமாவைப் பற்றியா என்று எனக்குக் குழப்பமாக இருக்கும். மாமாவிடம் கேட்டபோது அவர் கோபிக்கவில்லை. இரண்டு பேரையும்தான் என்றார்.

அம்மாவுக்குத்தான் தாங்க முடியவில்லை. மேசையில் இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா வந்து கதவைத் தட்டினார்.

"விரத வீட்டில ரத்தம் வைக்கிறியோ? உனக்கென்ன விசரோ?" என்று அம்மா கேட்டார்.

"அது சுத்தமான ரத்தம் அக்கா. துவக்குக்காரர் தந்தவர்," என்றார் மாமா. சுத்தமில்லாத இரத்தமென்றால்தான் அக்காவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

துவக்குக்காரர் என்பவர் குரோய்டனுக்கும் அப்பால் பண்ணைகளில் மான்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆங்கிலேயர். துவக்கு வைத்திருக்க அவருக்கு லைசென்ஸ் இருந்தது. காரில் அடிபட்டோ குண்டு பட்டோ மான் ஏதும் தப்பி ஓடினால் மாமாவைக் கூப்பிடுவார். மாமா கண்டுபிடிப்பார், அவர் சுடுவார். இந்தக் கடைசிப் பகுதியை எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. கண்டுபிடித்த மானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

"சஷ்டி முடியட்டும். அதோட நீயும் உன்ர சனியனும் வேற இடம் பாருங்கோ" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றார். லொட்டே குசினி வாசலில் நின்று தாடியை நக்கியது.

கந்தசஷ்டி விரதம் எதற்குப் பிடிப்பது என்பது ஊரறிந்த விஷயம். பிள்ளைவரம் வேண்டித்தான் முக்கால்வாசிப் பேர் பிடிப்பது. எனக்குப் பிறகு அம்மாவின் வயிற்றில் இரண்டு தங்காமல் போய்விட்டன, அந்த வருடம் இதுதான் கடைசி முயற்சி என்று டாக்டரும் முருகனும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். இது அப்பாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், கோவிலில் கற்பூரத்தட்டு ஏந்துகிறவருக்கும் தெரிந்திருக்கும். எட்டு வயதான எனக்கு மட்டும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த ஆறு நாட்களும் அம்மா பாலும் பழமும் மட்டும் சாப்பிடுவார், கோபம் வந்தால் கட்டுப்படுத்திக்கொண்டு பிறகு இரட்டிப்பாகக் கோபிப்பார் என்பதுதான்.

கடைசி நாள் சூரன்போர். கோவிலில் சூரன் தலை விழுந்ததைப் பார்த்துவிட்டு, பிரசாதம் கொடுப்பதற்காகப் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். அவர் பங்களா வேண்டுமென்று காட்டுப் பக்கமாக வீடு வாங்கி, ஒரு தமிழ்க்கடைக்குப் போவதென்றாலும் சாப்பாடு கட்டிக்கொண்டு புறப்பட வேண்டிய தூரத்தில் குடியிருந்தார். திரும்பி வரும்போது, நவம்பர் மாதமென்பதால், பின்னேரமே நன்றாக இருட்டிவிட்டது. இரண்டு பக்கமும் மரம். அப்பா எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். கார் வெளிச்சத்துக்குள் திடீரென்று ஒரு மான் வந்து நின்றது. கொம்பில்லாத, மெல்லிய, நீளக் காதுள்ள மான். அது எங்களைப் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு 'டொம்' என்று ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தால் மானைக் காணவில்லை. காரின் ஒருபக்க லைட் உடைந்திருந்தது. தெருவோரப் புல்லில் இரத்தம் இருந்தது.

"நரியாயிருக்கும்," என்றார் அப்பா.

"நரிக்கு இவ்வளவு நீளக் காலோ? மான். எனக்குக் கண்ணில்லையோ?" என்றார் அம்மா. "இண்டைக்குப் பாத்தோ இப்பிடி நடக்கவேணும்? வள்ளியம்மை மான் வயித்தில பிறந்தவள். முருகனுக்குப் பிடிச்ச விரதத்தில நான் மானை அடிச்சிட்டு வந்து நிக்கிறன்."

"நீர் எங்கை அடிச்சனீர்? நான்தானே காரை ஓடினனான்."

அப்பா ஆறுதலுக்காகத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அம்மா அவரைப் பார்த்த பார்வையில் ஆறுதல் அடைந்த மாதிரித் தெரியவில்லை. தான் தேடிக்கொண்ட பாவத்தில் யாரோ பங்கு கேட்கிறார்கள் என்பதுபோல இருந்தது.

மாமாவுக்குப் போன் போட்டார்கள். அவர் வேலையில் நின்றபடியே ஸ்பீக்கரில் கேள்வி மேல் கேள்வி கேட்டார். இரத்தம் என்ன நிறம், நுரை இருக்கிறதா, மயிர் விழுந்திருக்கிறதா, எந்தப் பக்கம் ஓடியது. அப்பா போனின் வெளிச்சத்தில் குனிந்து நின்று பதில் சொன்னார். நுரை இல்லை என்றதும், நெஞ்சில் அடிபடவில்லை என்று மாமா கணக்குப் போட்டார்.

"அப்ப கால்தான். இப்ப ஒருத்தரும் உள்ளுக்குப் போகக்கூடாது. அந்த இடத்துக்கு ஒரு அடையாளம் வைச்சிட்டு வீட்டை வாங்கோ. விடியப் பாப்பம்."

"காயப்பட்டதை இருட்டுக்குள்ள விட்டிட்டு வாறதோ?" என்று அம்மா போனைப் பறித்துக் கேட்டார்.

"துரத்தினால் பயத்தில ஓடும் அக்கா. நொண்டி நொண்டி எங்கையோ போய்ச் சேர்ந்திடும். விட்டால் கிட்டவே படுக்கும். சொல்லுறதைக் கேளுங்கோ."

நல்லது செய்ய வேண்டுமென்றால் உடனே செய்ய வேண்டுமென்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். விட்டுவிட்டுப் போவதுதான் நல்லது என்று மாமா சொன்னது எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. அப்பா காரில் கிடந்த ஒரு கடைப் பையை எடுத்து வேலியில் கட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். "அதுக்கு என்ன நடந்ததெண்டு தெரியாமல் நான் பாறணை பண்ணமாட்டன்." ஆறு நாள் பட்டினி கிடந்தவர்கள் ஏழாம் நாள் காலையில் சாப்பிட்டு விரதத்தை முடிப்பதுதான் பாறணை. அதை முடிக்காவிட்டால் பிடித்த விரதத்துக்குப் பலன் இல்லை. கோவிலில் ஏற்கனவே ஒருமுறை மயங்கி விழப் பார்த்தவர் அம்மா. அப்பா கெஞ்சினார். பிறகு அதட்டினார். பிறகு வேலை முடிந்து வந்த மாமாவிடம் போய், தனக்கு அந்த நாயைப் பற்றி எப்போதும் நல்ல அபிப்பிராயம்தான் என்று சொன்னார்.

"கண்டுபிடிச்சால் என்ன செய்யவேண்டி வருமெண்டு அக்காவுக்குத் தெரியுந்தானே?" என்று மாமா கேட்டார்.

"தெரியும்," என்றார் அம்மா. "எனக்குத் தெரியவேண்டியது வேற. அது பெண்ணோ, குட்டி கிட்டி இருக்கோ எண்டதுதான்."

காலையில் அம்மா முழுகி, பாறணைச் சமையலைச் சமைத்து மூடி வைத்துவிட்டு, சேலையை அப்பாவின் ரப்பர் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு புறப்பட்டார். அவர் வரக்கூடாது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. என்னை விட்டுவிட்டுப் போகவும் ஆள் இல்லை. வேலியில் பை கட்டிய இடத்தில் துவக்குக்காரர் வந்து நின்றார். நரைத்த மீசை. தோளில் துவக்கு. துவக்கு எதற்கு என்று அப்பாவைக் கேட்டேன். காட்டில் பாதுகாப்புக்கு என்றார். பிறகு காருக்குள் போய் இருந்துகொண்டார்.

மாமா லொட்டேக்கு அகலமான ஒரு கழுத்துப் பட்டியைப் போட்டார். அதைப் போட்டவுடன் அது எங்கள் வீட்டு லொட்டே இல்லை. வாலை ஆட்டவில்லை, குரைக்கவில்லை. மூக்கை நிலத்தில் வைத்து, இரத்தம் பட்ட புல்லை நிதானமாக மணந்து, மருந்துச் சீட்டை வாசிக்கிற பார்மசிக்காரர் மாதிரிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு நடக்கத் தொடங்கியது. வாரின் மற்ற நுனி மாமாவின் கையில் இருந்தது. அவர் அதை இழுக்கவே இல்லை.

நான் இரத்தக் கோடு ஒன்று தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. சருகும் சேறும்தான். எப்போதாவது ஓர் இலையில் கடுகளவு சிவப்பு இருக்கும். மாமா அந்த இடத்தில் கொப்பில் ஒரு துண்டு நாடாவைக் கட்டுவார். ஒரு சிறிய ஓடையில் லொட்டே தடுமாறி அப்படியும் இப்படியும் சுற்றியது. அம்மா முணுமுணுத்துக்கொண்டு வந்த கந்தசஷ்டி கவசம் பாதியில் நின்றது. மாமா லொட்டேயைத் திட்டாமல், தூக்கிக்கொண்டு வந்து, கடைசி நாடா கட்டிய இடத்தில் திரும்பவும் இறக்கிவிட்டார். இந்த முறை அது ஓடையைத் தாண்டியது. மாமா இவ்வளவு பொறுமைசாலி என்று எனக்குத் தெரியாது. வீட்டில் டிவி ரிமோட்டைக் காணவில்லை என்றால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பவர்.

அடர்த்தியான ஒரு பற்றை தெரிந்த இடத்தில் லொட்டே தலையை நிமிர்த்தியது. துவக்குக்காரர் கையை உயர்த்தி, விழுந்து கிடந்த ஒரு மரத்தைக் காட்டி, எங்களை அங்கேயே நிற்கச் சொன்னார். அவர்கள் இருவரும் நாயும் பற்றையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். 

அப்போதுதான் அது வந்தது. பற்றைக்குள்ளிருந்து ஒரு மான் பாய்ந்து வந்து, எங்களுக்கு முன்னால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நின்றது. காதை நிமிர்த்தி எங்களைப் பார்த்தது. இரண்டு அடி போய்த் திரும்பப் பற்றையைப் பார்த்தது. நொண்டவில்லை, ஒரு காயமும் இல்லை. பிறகு வெள்ளைப் பின்பக்கம் தெரிய மரங்களுக்குள் ஓடிவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"அம்மா, தப்பீட்டுது! அதுக்கு ஒண்டுமில்லை!"

அம்மா அது போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஓம் பிள்ளை. தப்பீட்டுது" என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. காகங்கள் எழும்பின. மான்தான் ஓடிவிட்டதே, இவர்கள் யாரைச் சுடுகிறார்கள் என்று நான் கேட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

முதலில் லொட்டே வந்தது. அதன் கழுத்துப் பட்டியில் பச்சை இலைக் கொப்பு ஒன்று செருகியிருந்தது. மாப்பிள்ளை மாதிரி வந்தது. பின்னால் மாமா. அவருடைய முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

"முடிஞ்சுது அக்கா. வேதனை இல்லை."

"வாயில ஏதும் வைச்சனியோ?" என்று அம்மா கேட்டார். செத்துப்போனவர்களுக்கு வாய்க்கரிசி போடுகிற நினைவில் கேட்டிருக்க வேண்டும்.

மாமா திகைத்துப்போனார். "ஓம் அக்கா. ஒரு கொப்பு வைச்சனான். ஜெர்மனியிலயும் மானுக்கு வாயில, கண்டுபிடிச்ச நாய்க்குப் பட்டியில, அப்பிடித்தான் வைக்கிறவை."

"கிடாயோ?"

"கிடாய். வயசுபோன கிடாய்."

"ஆனால் கொம்பு இல்லையே மாமா?" என்றேன் நான். இரவு கார் வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தவள் நான்தானே.

"இந்த மாதத்தில கொம்பு விழுந்திடும் பிள்ளை. பிறகு முளைக்கும்." அதைச் சொல்லும்போது அவர் என்னையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

காரில் வரும்போது எனக்குத் தலை சுற்றியது. மான் தப்பி ஓடியதை என் கண்ணால் கண்டேன். மாமா முடிந்தது என்கிறார். ஆகவே மாமா பொய் சொல்கிறார். பிடிக்க முடியாமல் போய்விட்டது, அதை மறைக்க வானத்தை நோக்கி ஒரு வெடி வைத்துவிட்டு, அம்மா சாப்பிட வேண்டுமென்பதற்காகக் கதை கட்டுகிறார். அது வரையில் கணக்குச் சரியாக வந்தது. ஆனால் மான் ஓடியதை அம்மாவும்தான் கண்டார். தப்பியது என்று அவரே என்னிடம் சொன்னார். அப்படியென்றால் மாமாவிடம் ஏன் வாயில் ஏதும் வைத்தாயா என்று கேட்க வேண்டும்? மாமாவின் பொய் அம்மாவுக்குத் தெரியும் என்று மாமாவுக்குத் தெரியாதா? பெரியவர்களின் விஷயத்தில் தலையிட்டால் அடிதான் விழும் என்பதால் பேசாமல் இருந்தேன். மான் உயிரோடு இருப்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த இரகசியம் என்று ஒரு பெருமையும் இருந்தது.

"கிடாய் எண்டால் பிரச்சினையில்லை," என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார். எந்தப் புராணத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறது என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

வீட்டில் அம்மா திரும்பவும் முழுகிவிட்டு வந்து எல்லோருக்கும் பரிமாறினார். அன்றைக்கு லொட்டேக்கும் குசினி வாசலில் ஒரு தட்டு வைத்தார். சோறும் பருப்பும், மேலே நெய். அது சைவச் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, மரியாதைக்காகச் சாப்பிட்டது. அம்மா முதல் பிடியை வாயில் வைத்ததைப் பார்த்த பிறகுதான் அப்பா தன் தட்டில் கை வைத்தார். பூசணிக்காயும் வாழைக்காயும் வழமைபோல நன்றாகவே இருந்தன. 

பாதிச் சாப்பாட்டில் அம்மா நிமிராமல் கேட்டார். "தம்பி, தாயில்லாமல் அந்தக் குட்டி இந்தக் குளிரைத் தாங்குமோ?"

மாமாவின் கை சோற்றிலேயே நின்றது. அவருடைய காது சிவந்தது. அப்பா ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார்.

"கண்டனீங்களோ அக்கா?"

"எங்களுக்கு முன்னால வந்து நிண்டது."

"தாங்கும்," என்றார் மாமா மெதுவாக. "இந்த வைகாசிக் குட்டி. தாயளவுக்கு வளர்ந்திட்டுது. பால் மறந்திருக்கும். தானாய் மேயும். மற்ற மானுகளோட சேர்ந்திடும்."

"உண்மையாச் சொல்லுறியோ? இல்லாட்டி இதுவும் கிடாயோ?"

"உண்மை அக்கா."

அம்மா தலையை ஆட்டிவிட்டு மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தார். எந்தக் குட்டி, யாருடைய தாய் என்று நான் கேட்டேன். அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி பாயாசம் விட்டார். மாமாவும் நாயும் வேறு இடம் பார்க்கும் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. கல்யாணமாகிப் பார்க்கிங் என்ற ஊருக்குக் குடிபோகும்வரை மாமா எங்களோடுதான் இருந்தார். பிரீசரில் கீழ்த்தட்டு அவருக்கென்று ஒதுக்கப்பட்டது. அம்மா அடுத்த வருடம் கந்தசஷ்டி பிடிக்கவில்லை. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை. கோவிலுக்குப் போவார், சூரன்போரைப் பார்ப்பார், வந்து வயிறாரச் சாப்பிடுவார்.

இதெல்லாம் பிறகு. அன்று பின்னேரம் அம்மா சோபாவில் படுத்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. ஏதோ ஒரு மான்குட்டி அம்மா இல்லாமல் காட்டில் தனியாக நிற்கிறது என்ற அளவுக்கு எனக்கு விளங்கியிருந்தது. என் வகுப்பில் எல்லோருக்கும் அண்ணாவோ தங்கச்சியோ இருந்தார்கள். எனக்கு மட்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சுவரோடு பந்தடிக்கிற விளையாட்டுத்தான்.

"அம்மா, அந்தக் குட்டியை எங்கட வீட்டை கொண்டுவருவமோ? எனக்கு விளையாட ஒருத்தரும் இல்லை. நான் நல்லாப் பாப்பன்."

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். சத்தம் வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. அழுகிறார் என்று தெரிந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. நாயையே வேண்டாம் என்றவரிடம் மானைக் கேட்டால் அழாமல் என்ன செய்வார் என்று நினைத்தேன். கேட்டது பிழை என்று பட்டது. அவருடைய முதுகைத் தடவி, "சரியம்மா, அழாதேங்கோ. எனக்கு வேண்டாம். நான் தனியவே விளையாடுறன்" என்று சமாதானம் சொன்னேன்.

அதைக் கேட்ட பிறகு அம்மா வாய்விட்டு அழத் தொடங்கியது ஏன் என்று எனக்கு விளங்கவேயில்லை.